அழித்துக் காட்டிய அறுபது கல்யாணங்கள்

1

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. இங்கே அரசாங்கத்துக்குப் போகும் காகிதம் எதுவானாலும் இப்படி ஒரு கடையில் உட்கார்ந்து, அவர்கள் அரபியில் அடித்துத் தருவதை வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். நம்மூர்த் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்களுக்கு ஏசி போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த முறை போனபோது நான் இங்கே வந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மலையாளி என் பெயர், பாஸ்போர்ட் எண், கணவர் பெயர் எல்லாம் கேட்டார். தொழில் என்ற கட்டம் வந்ததும் மட்டும் கேட்காமலேயே எதையோ தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“அதுல என்ன போட்டீங்க?”

“ஹஸ்பண்ட் விசாவல்லே சேச்சி? தொழில் இல்லைன்னு போட்டு.”

“நான் கேமரா எடுப்பேன். அறுபது கல்யாணம் எடுத்திருக்கேன்.”

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி பண்ணுகிற ஆள் இல்லை. “ஒண்ணு காட்டாமோ?” என்று உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். அறுபது கல்யாணம் எடுத்தவளிடம் காட்டுவதற்கு ஒரு நிமிடப் படம்கூட இல்லை. அது ஏன் என்று அவருக்கு விளக்க உட்கார்ந்தால் பின்னால் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

2

காயல்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்குள் வெளி ஆண்கள் வர மாட்டார்கள். கேமராக்காரரும் ஆண்தானே, அவருக்கும் அதே சட்டம். முக்கூடலிலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சி என்பவர் கல்யாணங்களுக்கு வருவார். ஆண்கள் பக்கத்து நிக்காஹையும், ஒரே தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து உண்ணும் சஹன் சாப்பாட்டையும் எடுத்து முடித்துவிட்டு, எங்கள் பக்கத் திரை வரை வந்து நின்று, கேமராவை மட்டும் உள்ளே நீட்டுவார். திரைக்கு இந்தப் பக்கம் வாங்குகிறவள் நான். எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டிருந்தவள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டதால், பதினெட்டு வயதில் அந்த இடம் எனக்கு வந்தது.

“பைய புடி தாயி. சேப்பு லைட்டு எரியுதா?”

“எரியுது அண்ணாச்சி.”

“அப்ப ஓடுதுன்னு அர்த்தம். மினுங்கிச்சின்னா இங்கன நீட்டு, பேட்டரி மாத்தித் தாரேன். நீ பாட்டுக்கு எடு.”

உள்ளே நான் என்ன எடுத்தேன் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எடிட்டிங்கும் நானேதான், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. வேலை முடிந்ததும் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பெண்ணின் உம்மாவிடம் போவேன். அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க மெமரி கார்டையும் லேப்டாப்பில் இருப்பதையும் அழித்து, காலியாக இருக்கும் திரையைக் காட்டி, “அல்லாவுக்காக அழிச்சிட்டேன் மாமி” என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி வரும்.

இதைக் கேட்டதும் ‘ஐயோ பாவம்’ என்று முகத்தை வைத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தத் திரைக்கு உள்ளே நடந்த கூத்தை வெளியே எந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. தன் மாப்பிள்ளை ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கடுகடுவென்று நடப்பதை நடித்துக் காட்டுகிற அக்கா முறை ராத்தா, மாமியார் முன்னாலேயே மாமியார் குரலில் பேசுகிற மருமகள், சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிடுகிற பெரியவர்கள். நான் அழித்துவிடுவேன் என்ற தைரியத்தில்தான் அவர்கள் அப்படி இருந்தார்கள். அது எனக்குப் புரிந்துதான் இருந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு வேறொன்றும் புரிந்துவிட்டது. என் வாழ்க்கைக்கு வேலை இதுதான் என்று. இருபது வயதில் சென்னையில் படம் எடுக்கப் படிக்கிறேன் என்று சவூதியில் இருந்த வாப்பாவிடம் போனில் கேட்டேன். “படம் எடுக்கத்தானே? அதான் ஊர்லயே எடுக்கியே” என்றார்கள். அடுத்த வருடம் கல்யாணம், அதற்கு அடுத்த மாதம் ஷார்ஜா.

3

இங்கே எங்கள் வீடு ஏழாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். காலையில் என் வீட்டுக்காரர் உதிரிபாகக் கடைக்குப் போய்விடுவார். மகள் ஹனாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டால் மதியம் ஒன்றரை வரை நானும் ஏசியின் சத்தமும்தான்.

ஹனாவுக்கு ஐந்து வயது. ஆங்கிலமும் இந்தியும் கொஞ்சம் மலையாளமும் கலந்து பேசுவாள். தமிழ் வரும், ஆனால் யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்திருக்கும். போன மாதம் என்னிடம், “உம்மா, ஊரை எப்ப திறப்பாங்க?” என்று கேட்டாள். லீவு விட்டால் மட்டும் போவதால், ஊர் என்பது வருடத்துக்கு ஒருமுறை யாரோ திறந்து வைக்கிற ஒரு இடம் என்று நினைத்திருக்கிறாள். சிரித்தேன். அன்று முழுக்க மனது சரியில்லை.

டைப்பிங் சென்டரிலிருந்து வந்த அதே வாரம் ஆவணப்படப் பயிற்சி ஒன்றின் அறிவிப்பு கண்ணில் பட்டது. ஒரு வருடம், வாரத்தில் மூன்று காலை. முடித்தால் ஒரு படக்குழுவில் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வார்கள். ஹனா பள்ளியில் இருக்கும் நேரம். எனக்கென்றே வெட்டித் தைத்த சட்டை மாதிரி இருந்தது. கணவருடைய விசாவில் இருப்பதால் அவருடைய ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டும் என்றிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “நான் என்னத்த சொல்லப் போறேன். கெடைக்கட்டும். ஹனாவுக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் என்ன செய்யன்னு யோசிச்சுக்கோ” என்றார். நல்ல மனிதர். அவர் தடுத்திருந்தால் சண்டை போட்டுக் கோபத்திலேயே எதையாவது செய்திருப்பேன். இப்படிப் பாதித் திறந்த கதவில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

விண்ணப்பத்தோடு ஐந்து நிமிடத்துக்குள் நானே எடுத்த படம் ஒன்று அனுப்ப வேண்டும். போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெருவில் எடுத்தால் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். மாடி வராந்தாவில் எடுத்தால், யாரோ புகார் சொன்னதாகக் காவலாளி வந்து நின்றார். கடைசியில் எங்கள் ஜன்னலையும், ஹனாவின் செருப்பையும், துணி காய்வதையும் எடுத்து அனுப்பினேன். பயிற்சியை நடத்துகிற அம்மா போனில் கூப்பிட்டுப் பேசினார். லெபனான்காரர், கனிவான குரல். “நீங்கள் கேமராவைப் பிடிக்கிற விதம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஆளே இல்லையே. ஒரு மனிதரை எடுத்தது இருந்தால் அனுப்புங்கள். ஒரு வாரம் தருகிறேன்” என்றார்.

மூன்று பேர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்றும், முகம் தெரிகிற ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஹனாவை எடுத்தால் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். ஆனால் மனிதரை எடுத்த படம் ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தது.

4

அறுபதில் ஒன்றை நான் முழுதாக அழிக்கவில்லை.

ரஹ்மத்தின் கல்யாணம் அது. ரஹ்மத் என் வகுப்புத் தோழி. (பெயர் வேறு. ஊரில் நூறு ரஹ்மத் இருப்பதால் இதை வைத்தேன்.) அந்தக் கல்யாணத்தில் இரண்டு கார்டுகள் பயன்படுத்தினேன். அவளுடைய உம்மாவின் முன்னால் ஒன்றை அழித்துக் காட்டினேன். இன்னொன்று என் பர்ஸின் ஜிப்புக்குள் இருந்தது. மறந்துவிட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அதில் இருந்த நாலு நிமிடத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. “அல்லாவுக்காக அழிச்சிட்டேன் மாமி” என்று சொல்லி, தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நிக்காஹுக்கு முந்தின நாள் மதியம். இரண்டு வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடக்கிற குறுகிய வழியை நாங்கள் முடுக்கு என்போம். அந்த முடுக்கைப் பார்த்த ஜன்னலோரம் ரஹ்மத் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரை ஈர மருதாணி. அவளுடைய உம்மா நெய்ச்சோற்றை உருட்டி ஊட்டுகிறார்கள். உம்மாவின் முகம் படத்தில் இல்லை, வளையல் போட்ட கை மட்டும். ரஹ்மத் ஒருமுறை முகத்தைத் திருப்புகிறாள். கை அப்படியே நிற்கிறது. வெகுநேரம் நிற்கிறது. பிறகு அவள் வாயைத் திறக்கிறாள். கண்ணிலிருந்து நீர் இறங்குகிறது, அதே கையின் மணிக்கட்டு அதைத் துடைத்துவிடுகிறது. மறுபடி ஒரு உருண்டை. நான் கேமராவை அசைக்கவே இல்லை.

ஷார்ஜாவுக்கு வந்த இந்த ஆறு வருடத்தில் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பிரியப் போகும் மகளுக்குத் தாய் ஊட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், அவர் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஒழியப் பெண் எங்கேயும் போவதில்லை. அது தெரிந்தும் ‘பிரியப் போகும் மகள்’ என்று எப்படி நினைத்தேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

5

ரஹ்மத்தின் உம்மாவைக் கூப்பிட்டேன். பெண் பக்கத்துப் படம் பெண்ணின் உம்மாவுடையது என்பதுதான் எங்கள் வழக்கம். மகளுக்கும் சேர்த்து அவர்களே சரி என்றால் போதும், அப்புறம் ரஹ்மத்திடம் ஒரு கையெழுத்து வாங்குவது பெரிய விஷயமில்லை என்று கணக்குப் போட்டேன்.

மாமியிடம் முதலில் குற்றத்தைச் சொன்னேன். ஒரு கார்டை அழிக்கவில்லை என்று. திட்டுவார்கள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

“ஏ புள்ள, எங்க வீட்டுக் கல்யாணமா உங்கிட்ட இருக்கு?”

“கொஞ்சம்தான் மாமி. நாப்பது நிமிசம் இருக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளத்துல அலமாரி வரைக்கும் தண்ணி ஏறி அம்புட்டும் போச்சிம்மா. அந்த டிஸ்க்கைக் காய வச்சுக் காய வச்சுப் பாத்தேன், ஓடவே இல்ல. உடனே அனுப்பு. இப்பமே அனுப்பு.”

எனக்கு மூச்சு வந்தது. ஆற்று வெள்ளமும் மழையும் ஊருக்குள் வந்த அந்த வருடம் இப்படி எத்தனை பேர் என்னைக் கூப்பிட்டார்கள்! ‘உங்க முன்னாலதானே மாமி அழிச்சேன்’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஒருத்தருக்காவது கொடுக்க முடிந்ததே என்று அனுப்பிவிட்டு, அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். நாலு நிமிடம்தான், உங்கள் முகம் அதில் இல்லை என்றேன்.

“ஆம்பளையளும் பாப்பாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “மூணு பேர் பாப்பாங்க மாமி. ரெண்டு பேர் ஆம்பளைய.”

“அப்ப வேண்டாம்மா.” குரலில் கோபமே இல்லை. “நீ அழிக்காம வச்சிருந்தது எங்களுக்கு நல்லதாப் போச்சி, அல்லா உனக்குப் பரக்கத் செய்வான். இப்பதான் படம் எங்கிட்ட வந்துட்டே. நீ அழிச்சிரு. என்ன?”

“சரி மாமி.”

மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள். அழித்துவிட்டாயா என்று கேட்டார்கள். “அழிச்சிட்டேன் மாமி” என்றேன். அல்லாவுக்காக என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவர்கள் கவனிக்கவில்லை.

6

மூன்று நாள் கழித்து ரஹ்மத் கூப்பிட்டாள். அவளுடைய மாப்பிள்ளை தோஹாவில். இரண்டு பிள்ளைகளோடு உம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அதே ஜன்னல் உள்ள அறையில்.

“ஏளா, எங்க உம்மா மூணு நாளா அதையே போட்டுப் பாத்துட்டு இருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுதாங்க.”

“சந்தோசமா இருக்காங்களா?”

“அவங்க சந்தோசத்துக்கு என்ன. அத எங்கயோ அனுப்பணும்னு கேட்டியாமே. எங்க உம்மாகிட்ட கேட்டே, சரி. அதுல இருக்கது என் மூஞ்சிதானே? எங்கிட்ட ஏன் கேக்கல?”

மாமி சரி என்று சொன்னால் உன்னிடம் கேட்கலாம் என்றிருந்தேன் என்று எதையோ முணுமுணுத்தேன்.

“அது என்ன நேரம்னு உனக்குத் தெரியுமா? திருநெல்வேலில லா படிக்க எனக்கு சீட் கெடச்சிருந்திச்சி. போக விடலன்னு மூணு நாளா நான் சாப்பிடல. தட்ட வச்சா தள்ளி விட்டுருவேன். அதான் ராத்திரி போட வேண்டிய மருதாணியக் காலைலயே போட்டு விட்டாங்க. கையில ஈர மருதாணி இருந்தா தட்டத் தள்ள முடியாதுலா.”

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்தேன்.

“நான் வாயத் தொறந்தது பசியில. அந்த ஒரு வாய் தின்னதும் எல்லாரும் ‘பிள்ள சம்மதிச்சிட்டா’ன்னு ஆயிட்டு. நீ எதுத்தாப்புல நாலு நிமிசம் நிக்கே. கேமராவ எறக்கிட்டு என்னட்டின்னு ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிறது, கை நடுங்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது. நல்ல கேமராக்காரி என்று என்னை நானே பாராட்டிக்கொண்டதற்கு ஆதாரமாக ஆறு வருடம் வைத்திருந்தது, என் தோழி தோற்றுப்போன நாலு நிமிடம். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“அழிக்கவா? அனுப்பு. அந்தக் காகிதத்த அனுப்பு, நான் கையெழுத்துப் போடுதேன். ஆனா அது என்னன்னு சரியா எழுதி அனுப்பு. உம்மா மவளுக்குப் பாசமா ஊட்டுதாங்கன்னு எழுதின, உன்ன சும்மா விட மாட்டேன். எங்கயாவது யாராவது ஒருத்தர் பாத்து, இவ அழுததுக்குக் காரணம் இதுதான்னு தெரிஞ்சுக்கிடட்டும்.”

“மாமிக்குத் தெரிஞ்சா?”

“இத்தன வருசத்துல நாங்க அதப் பத்திப் பேசினதே கிடையாது. ஒரே அடுப்புலதான் சோறு வடிக்கோம்.”

அன்று மதியத்துக்குள் கையெழுத்துப் போட்ட தாள் என் போனுக்கு வந்துவிட்டது.

7

விதிப்படி எல்லாம் சரி. முகம் தெரிகிறவள் ரஹ்மத் ஒருத்திதான், அவள் கையெழுத்து இருக்கிறது. கணவர் கடிதம் இருக்கிறது. படம் இருக்கிறது. கெடு முடிய ஒரு முழு நாள் இருந்தது. விளக்கத்தை ரஹ்மத் சொன்னபடியே எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அனுப்பினால், என்னை நம்பித் திரைக்குள் சிரித்த அத்தனை பேருக்கும் நான் கொடுத்த வார்த்தை போய்விடும். மாமி மகளைப் பட்டினியிலிருந்து மீட்டதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய கையை முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அனுப்பாவிட்டால், ரஹ்மத்தின் வாயை இரண்டாவது முறை அடைக்கிறேன். எனக்கு அந்தப் பயிற்சி வேண்டும். சும்மா இல்லை, பசி மாதிரி வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் நகர முடியவில்லை. மறுநாள் ஹனா பள்ளியிலிருந்து வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிவிட்டது.

மறுநாள் ரஹ்மத் கேட்டாள். “அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“நீ நல்லா இருட்டி” என்றாள். அப்படி வாழ்த்தியதற்குப் பதிலாக அவள் என்னை அடித்திருக்கலாம்.

இந்தக் குறிப்பை எழுதப் போகிறேன் என்றும் அவளிடம் சொன்னேன். லா சீட்டையும் மருதாணியையும் எழுதட்டுமா என்று இந்த முறை முதலில் அவளிடம் கேட்டேன். “எழுது. பேர மாத்திரு. எங்க உம்மா எழுத்துக்கூட்டியாவது கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க. படிக்கட்டும்” என்றாள். அடுத்த பயிற்சி ஆறு மாதம் கழித்து என்று லெபனான் அம்மா எழுதியிருக்கிறார். அதற்குள் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் இரண்டு பேரிடமும் சொன்ன இரண்டு பொய்யை வைத்துக்கொண்டு, மனிதர்களை உள்ளபடி காட்டுகிற வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது என்று மட்டும் தெரிகிறது.

மாமி, நான் அதை அழிக்கவில்லை. ரஹ்மத், நான் அதை அனுப்பவில்லை. அழிப்பதா அனுப்புவதா என்று இனி நான் தனித்தனியாக உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்கள்.